மருந்துக்கடை தேவகுமாரியின் காதுக் களிம்பு

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருந்த தேவகுமாரியிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். குழந்தை மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லையா, எஸ்டேட் ரைட்டரைத் தேள் கொட்டிவிட்டதா, புது மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் அரிப்பா, எதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாலும் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு ஒரு முடிவு சொல்லிவிடுவாள். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும். மீதி ஒரு தடவை, "சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, இது என் கைக்குள்ள அடங்காது" என்பாள். அதையும் ஏதோ உத்தரவு போடுகிற மாதிரிதான் சொல்வாள்.

சேலத்தில் பிறந்து, சென்னையில் மருந்தாளுநர் படிப்பு முடித்து, கல்யாணமாகி மலையேறியவள். புருஷன் பொன்னுவேல் சேலம் பஸ்ஸில் கண்டக்டர். அவள் நோட்டீஸ் ஒட்டிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஊருக்குச் சொல்லிவிடுவான். "எங்க ஊட்டுல கேளுங்க, கரெக்டா மருந்து கொடுப்பா" என்று அவன் சொல்லி அனுப்பியே பாதிப் பேர் கடைக்கு வந்தார்கள். இப்படி ஒரு புருஷன் வாய்த்தால் எந்தக் கடைதான் நடக்காது.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வியாதி. மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவு. காபி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு ஓட்டமாய் ஓடுகிற திடகாத்திரமான ஆளும் பஸ்ஸில் உட்கார்ந்தால் மூன்றாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவான். அதற்கு ஊரில் இல்லாத வைத்தியமில்லை. ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்வார், ஒருவர் கமலா ஆரஞ்சுத் தோலைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொள்வார். வயிற்றில் செய்தித்தாளை மடித்துக் கட்டிக்கொண்டால் குமட்டாது என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, சட்டைக்குள் சரசரவென்று சத்தத்தோடு வந்து உட்காருகிறவர்களும் உண்டு. எல்லாரும் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிடுவார்கள்.

மாத்திரை இருந்தது, இல்லாமல் இல்லை. விழுங்கினால் வாந்தி நிற்கும். கூடவே கண்ணும் சொக்கும், நாக்கும் அட்டை மாதிரி காய்ந்துபோகும். ஒருவர் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பெண் பார்க்கப் போனார். பெண் காபித் தட்டோடு வந்து நின்றபோது மாப்பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

எண்பத்தைந்தாம் வருஷம் மெடிக்கல் ரெப் ஒருவர் வைத்துவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் தேவகுமாரி ஒரு செய்தி படித்தாள். வெளிநாட்டில் கப்பலில் போகிறவர்கள் காதுக்குப் பின்னால் சின்ன வட்டமாய் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்கிறார்களாம். அதிலுள்ள மருந்து தோல் வழியாகவே ரத்தத்தில் இறங்கி வாந்தியை நிறுத்துகிறதாம். தோல் வழியாக மருந்து போகும் என்றால் நம்முடைய மாத்திரை மட்டும் என்ன பாவம் செய்தது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் செய்யாமல் விடுகிற ஆளா அவள். கல்வத்தில் மாத்திரைகளைப் போட்டு மைபோல அரைத்தாள். வாசலினில் குழைத்தாள். சின்னச் சின்ன டப்பியில் அடைத்து, பஸ் ஏறுமுன் காதுக்குப் பின்னால் தடவிக்கொள்ளச் சொன்னாள்.

சும்மா சொல்லக் கூடாது, களிம்பு அப்படி ஓடியது. ஒரு வருஷத்தில் ஏற்காட்டில் 'காதுக் களிம்பு' என்றால் தெரியாதவர் இல்லை. தடவிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து வாயாரப் புகழ்ந்தார்கள். "வாந்தியும் இல்லீங்க, தூக்கமும் இல்லீங்க, வாய் கூடக் காயலீங்க" என்றார்கள். தேவகுமாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எனக்குத் தெரியுமே" என்பாள். பொன்னுவேலுக்கு அந்த ஒரு வருஷமும் கால் தரையில் படவில்லை.

இந்தப் புகழ் தலைச்சோலை கிராமத்து முத்தாயியின் காதுக்கும் போனதில்தான் விஷயம் திரும்பியது.

முத்தாயிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷன் ஐயாக்கண்ணுவோடு சேர்ந்து கொஞ்சம் காபியும் கொஞ்சம் ராகியும் போட்டு, ஒரு மாட்டை வைத்துக்கொண்டு பிழைத்தவள். அவளுக்கு மார்பில் கட்டி வந்து சேலத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை, கையில் ட்ரிப் ஏற்றி மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். முதல் தடவை முடிந்திருந்தது. அந்த மருந்து குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரவைக்கும் என்பதால் அதற்கு முன்னாலேயே வாந்தியை நிறுத்த ஓர் ஊசி போட்டார்கள். அந்த ஊசியில் முத்தாயி ஒரு பகல் முழுக்க அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் கடைக்கு வந்து நின்றாள். தலைமுடி கொட்டிப்போய் முக்காடு போட்டிருந்தாள்.

"மருந்துக்காரம்மா, உங்க களிம்பு தடவுனா வாந்தியும் நிக்குதாம், தூக்கமும் வரலியாம். நெசமுங்களா?"

"ஊரே சொல்லுதே முத்தாயக்கா. உங்களுக்கு பஸ்ஸுல குமட்டுதா?"

"பஸ்ஸுக்குக் கேக்கலீங்க. அந்த ட்ரிப்புக்குக் கேக்கறேன். இனி அந்த ஊசி எனக்கு வேண்டாமுன்னு டாக்டருகிட்டச் சொல்லிப்போட்டேன். ஊசி இல்லாம வாந்தியத் தாங்க மாட்டே, பாதியில உட்டுட்டு ஓடிருவே, அப்புறம் உசிருக்கு நாங்க பொறுப்பில்லேங்கறாரு. ஊசி போட்டாத்தான்னா நான் வரவே மாட்டேனுட்டு வந்துட்டேன். உங்க களிம்பு இருந்தாப் போதும், நான் போயி மிச்சம் அஞ்சையும் ஏத்திக்குவேன்."

"ஊசி ஏன் வேண்டாங்கறீங்க?"

"தூங்கிக் கெடந்தா மாட்டை ஆரு பாக்கறது, காபியை ஆரு காய வெக்கறது?" என்றாள் முத்தாயி. அவள் கண் அப்போது வேறெங்கோ பார்த்தது. அதைத் தேவகுமாரி அன்றைக்குக் கவனிக்கவில்லை.

"களிம்பு போதுமுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும். சேர்வராயன் மேல சொல்லோணும்" என்றாள் முத்தாயி.

அந்த மலையில் சாமி சேர்வராயன் பெயரைச் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. எல்லைத் தகராறையே அப்படித்தான் முடிப்பார்கள். ஒரு வருஷமாய் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைதான். தேவகுமாரி வாயைத் திறந்தாள். திறந்தவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். பஸ்ஸில் எடுக்கிற வாந்திக்கு மிஞ்சிப்போனால் ஒரு சேலை நனையும். இங்கே ஒரு பொம்பளை உயிரையே டப்பியில் அடைத்துத் தரச் சொல்கிறாள்.

"ரெண்டாவது ட்ரிப்பு எப்பங்க?"

"வர்ற செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வா."

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. சோதிச்சுப் பார்த்துச் சொல்றேன்."

முத்தாயி விசித்திரமாகப் பார்த்தாள். தேவகுமாரி ஒன்றைச் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி ஏற்காட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கிவிட்டது. வெள்ளை மூடி போட்ட டப்பியில் மருந்துக் களிம்பு, பச்சை மூடி போட்ட டப்பியில் வெறும் வாசலின். இரண்டையும் பொன்னுவேல் கையில் கொடுத்து, காலையில் இறங்குகிற பஸ்ஸில் ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தடவிவிட வேண்டும், வாந்தி எடுத்தவர்களை எண்ணி வைக்க வேண்டும் என்றாள். எதில் மருந்து, எதில் இல்லை என்பதையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டாள்.

மூன்றே நாளில் பொன்னுவேல் மாப்பிள்ளை ஊர்வலம் போல வந்து நின்றான்.

"வெள்ளை மூடி முப்பது பேரு. ரெண்டே பேருதான் வாந்தி. பச்சை மூடி முப்பது. பன்னெண்டு பேரு எடுத்துட்டாங்க. இதுக்கு மேல என்ன வேணும் அம்மிணி? போயி அந்தக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடு."

தேவகுமாரிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. எனக்குத் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்தவள், மருந்தாளுநர் புத்தி விடாமல் இன்னொரு கேள்வி கேட்டு வைத்தாள்.

"வெள்ளை மூடியில தூங்குனவங்க எத்தனை பேரு?"

"ஒருத்தரும் இல்ல. அதான நம்ம களிம்போட பெருமையே."

தேவகுமாரிக்கு அங்கேதான் இடித்தது. அந்த மாத்திரையைப் பத்துப் பேர் விழுங்கினால் நாலு பேராவது அடிவாரத்துக்குள் கண்ணை மூடுவார்கள். பல வருஷமாகப் பார்க்கிறாள். அந்த மருந்து வேலை செய்வதே மூளையில்தான். ரத்தத்தில் கலந்தால் வாந்தியையும் நிறுத்தும், தூக்கத்தையும் கொண்டுவரும். வாந்தியை மட்டும் நிறுத்திவிட்டுத் தூக்கத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வர அது என்ன சொன்னபடி கேட்கிற மருமகளா? முப்பது பேரில் ஒருவர் கூடக் கொட்டாவி விடவில்லை, ஒருவருக்குக் கூட நாக்குக் காயவில்லை என்றால் மருந்து உள்ளே போனதா, காதோரத்திலேயே உட்கார்ந்திருந்ததா? ஒரு வருஷமாய் ஊர் எதைச் சொல்லிப் புகழ்ந்ததோ, அதுவே களிம்புக்கு எதிரான சாட்சியாய் நின்றது. அவள் அதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனாலும் ரெண்டும் பன்னிரண்டும் பொய்யா? அதுவும் புரியவில்லை.

"ஏனுங்க, வெள்ளை மூடிக்காரங்க எல்லாம் எங்க உட்கார்ந்திருந்தாங்க?"

"முன்னாலதான். நாந்தான் துண்டு போட்டு இடம் புடிச்சு வெச்சிருந்தேனே."

"பச்சை மூடிக்காரங்க?"

"பின்னால. அவிங்களுக்குத்தான் மருந்து இல்லையே, எப்படியும் எடுக்கத்தான் போறாங்க. முன்னால உக்கார வெச்சு டிரைவர் முதுகுலயா எடுக்கச் சொல்றது?"

தேவகுமாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மலைப்பாதையில் பின் சீட்டு தூக்கித் தூக்கிப் போடும், வளைவுக்கு வளைவு வீசும், முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதிக் குமட்டல் இருக்காது. கண்டக்டர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா?

"இந்த மூணு நாளுதானுங்களா, இல்ல..."

"ஒரு வருஷமாவே அப்படித்தான். காதுக்குப் பின்னால பளபளன்னு பூச்சு தெரிஞ்சா முன் சீட்டு. உன் களிம்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

கோபப்படுவதா, அந்த மனுஷனைக் கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே புருஷன்காரன் பனைமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, காக்கை வரும்போதெல்லாம் ஒரு பழத்தை உதிர்த்துவிட்டிருக்கிறான். அதுவும் ஆசையோடு.

"ஒரு வருஷமா வேலை செஞ்சது என் களிம்பு இல்லீங்க. உங்க துண்டு" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. தேவகுமாரி அன்று சாயங்காலமே தலைச்சோலைக்குக் கிளம்பிப் போனாள். முத்தாயி களத்தில் காபியைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரே மாதிரியான இரண்டு டப்பிகளையும், மருந்துக் களிம்பு ஒரு பொட்டலமும், வெறும் வாசலின் ஒரு பொட்டலமும் வைத்தாள்.

"இதுல மருந்து இருக்குது, இதுல இல்ல. நான் வெளியில போயிடறேன். நீங்க உள்ளுக்குள்ள வெச்சு ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒவ்வொரு டப்பியில அடைச்சு, ஏதாவது ஒரு டப்பிக்கு மட்டும் நூல் கட்டிக் கொடுங்க. எதுல எது இருக்குதுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியோணும். எனக்கும் சொல்லக் கூடாது, எங்க ஊட்டுக்காரருக்கும் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரிஞ்சா துண்டு போட்டிருவாரு."

"உங்க மருந்த நீங்களே நம்பலீங்களா?"

"போன வாரம் வரைக்கும் நொம்ப நம்புனேனுங்க" என்றாள் தேவகுமாரி.

முத்தாயி டப்பிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிவப்பு நூல் கட்டிய ஒன்றும் கட்டாத ஒன்றுமாகத் திரும்பி வந்தாள். ஐயாக்கண்ணு எட்டிப் பார்த்தபோது, "உனக்கில்ல, போ" என்று விரட்டிவிட்டாள்.

அடுத்த மூன்று காலையும் தேவகுமாரி கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினாள். படியில் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "ரெண்டு டப்பி இருக்குதுங்க. ஒண்ணுல மருந்து, ஒண்ணுல வெறும் வாசலின். எதுல எதுன்னு எனக்கே தெரியாது. தடவிக்கறீங்களா?" சிலர் சிரித்துக்கொண்டு காதைக் காட்டினார்கள். ஒரு பெரியவர், "ஏனம்மா, உன் கடையில இத்தனை நாளும் இப்படித்தான் மருந்து குடுத்தியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனார். அது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

நூல் டப்பியில் பாதிப் பேர் முன்னால், பாதிப் பேர் பின்னால். நூலில்லாத டப்பியிலும் அப்படியே. பொன்னுவேல் துண்டை அவளிடம் ஒப்படைத்துவிட வேண்டியதாயிற்று. டிக்கெட் கொடுப்பதைத் தவிர வேறெதற்கும் அவன் பயணிகள் பக்கம் திரும்பக் கூடாது என்பது கட்டளை. அவன் மூன்று நாளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விசில் ஊதினான். தேவகுமாரி இன்ஜின் பெட்டி பக்கத்தில் பின்னால் பார்த்து உட்கார்ந்து, யார் ஜன்னலுக்குப் போகிறார்கள், யார் கண்ணை மூடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். பின்னால் பார்த்து உட்கார்ந்ததில் அவளுக்கே இரண்டு தடவை வந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் எண்ணி முடித்தாள். நூல் கட்டிய டப்பி, இருபத்து நாலு பேரில் எட்டுப் பேர் வாந்தி. நூல் கட்டாதது, இருபத்து நாலில் ஏழு. எடுத்த பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் பின் சீட்டு. தூங்கினது ஒரே ஒருவர், அவரும் பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டவர். எதில் மருந்து என்று முத்தாயியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எதில் இருந்தாலும் ஒன்றுதான்.

அந்த ஆங்கிலப் புத்தகத்தைத் தேடி எடுத்து மறுபடியும் படித்தாள். பிளாஸ்டரில் இருக்கிற மருந்தே வேறு. தோலைத் தாண்டிப் போகக்கூடிய மருந்தாய்ப் பார்த்துப் பொறுக்கி, அது சொட்டுச் சொட்டாய் இறங்குகிற மாதிரி பிளாஸ்டரைச் செய்திருக்கிறார்கள். எல்லா மருந்தும் அப்படிப் போகாது என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னாலும் அந்த வரி அங்கேதான் இருந்தது. அவள்தான் தெரிந்த மட்டும் போதும் என்று பக்கத்தைத் திருப்பியிருந்தாள். வெட்கமாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், அப்போதும் வெட்கம் போகவில்லை.

பொன்னுவேல் மெல்லக் கேட்டான். "சொல்லித்தான் ஆகோணுமா? நம்பிக்கையிலயே பாதி நோவு போகுமுன்னு சொல்லுவாங்கல்ல. தடவிட்டுப் போகட்டுமே."

"பஸ்ஸுக்குப் போகட்டுமுங்க. அந்தக்கா இதை நம்பி ஊசி வேண்டாங்கறாங்க. ஒரு நாள் வாந்தியெடுத்துட்டு, ட்ரிப்பே வேண்டாமுன்னு ஊட்டுல உக்கார்ந்துட்டா? கட்டி மறுபடி வராதுன்னு உங்க துண்டைப் போட்டு இடம் புடிக்க முடியுமா?"

பொன்னுவேல் விசிலை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை முத்தாயி வந்தாள். தேவகுமாரி அவளை உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் எண்ணிக்கையைச் சொன்னாள். நூல் எட்டு, நூலில்லாதது ஏழு.

முத்தாயி கொஞ்ச நேரம் விரலை மடித்துக்கொண்டிருந்தாள். "நூலு கட்டுனதுலதானுங்க மருந்து வெச்சேன்" என்றாள். "மருந்து இருந்ததுல ஒண்ணு கூடுதலாவே எடுத்திருக்காங்களே."

"என் களிம்பு உங்க உடம்புக்குள்ள போகாதுங்க. காது பளபளன்னு இருக்கும், அவ்வளவுதான். ஒரு வருஷமா ஊரை ஏமாத்தியிருக்கேன். தெரிஞ்சு இல்ல, ஆனா ஏமாத்துனது ஏமாத்துனதுதான். சேர்வராயன் மேல நான் சொல்ல முடியற வார்த்தை இதுதான். ஊசியப் போட்டுக்குங்க முத்தாயக்கா."

முத்தாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தால் இல்லை.

"மாட்டுக்காகன்னு சொன்னேனே, அது பொய்யிங்க. மாட்டை அந்த ஆளு பாத்துக்குவாரு. எங்கம்மாளுக்கும் இதே நோவுதான். ஒரு நாள் மத்தியானம் கொஞ்சம் கண்ணசர்றேன்னு படுத்தா. பக்கத்துல ஆருமில்ல. நான் ராகி அறுத்துட்டு வந்து எழுப்புனேன், எந்திரிக்கல. போன தடவ அந்த ஊசி போட்டப்போ கண்ணு தானா மூடுது, நான் மூடாத மூடாதங்கறேன், மூடுது. எந்திரிச்சுட்டேன், சரி. அடுத்த தடவையும் எந்திரிப்பேன்னு ஆரு கண்டா? எனக்கு வாந்தி பயமில்லீங்க. தூக்கந்தான் பயம்."

அன்றைக்குத் தேவகுமாரி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொள்ளவில்லை. முத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முத்தாயியேதான் கடைசியில் பேசினாள். "நீங்க பொய் சொல்லியிருந்தா நான் அப்படியே நம்பியிருப்பேன். தன் சரக்கத் தானே குப்பையில கொட்டறவ இந்த ஊசி நல்லதுங்கறா, அதையும் நம்பத்தான் வேணும். போட்டுக்கறேன். ஆனா நான் எந்திரிக்கற வரைக்கும் நீங்க பக்கத்துல இருக்கோணும்."

"இருக்கேன்" என்றாள் தேவகுமாரி. அதற்குச் சோதனை தேவைப்படவில்லை.

காதுக் களிம்பு அந்த வாரமே நின்றது. ஊர் சும்மா விடவில்லை. நல்லா வேலை செஞ்சதை நிறுத்திப்போட்டா, திமிரு, என்றார்கள். வேறொரு ஊரிலிருந்து யாரோ அதே மாதிரி செய்து கொண்டுவந்து விற்றதாகவும் கேள்வி. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அந்தக் கடையை நடத்தினாள். களிம்பு கேட்டு வருகிறவர்களிடம், "முன்னாடி உக்காருங்க, ரோட்டைப் பாருங்க, இல்லேன்னா மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க. பொண்ணு பார்க்கப் போனா மட்டும் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். பழைய அதிகாரம் குறையவே இல்லை. புதுசாக எந்த மருந்து வந்தாலும் புத்தகத்தில் அடுத்த வரியையும் படித்துவிட்டுத்தான் பேசினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டாவது ட்ரிப்புக்கான அந்தச் செவ்வாய்க்கிழமை பொன்னுவேல் முன் சீட்டில் இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். அன்றைக்கு அவனை யாரும் திட்டவில்லை. ஒன்பதரை மணிக்கெல்லாம் முத்தாயி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டாள். நர்ஸ் ஊசியோடு வந்தபோது கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டினாள். ஊசி ஏறியதும் கண் சொக்கத் தொடங்கியது. ஒரு தடவை பதறித் திறந்து பார்த்தாள். ஸ்டூலில் தேவகுமாரி உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் மறுபடியும் மூடிக்கொண்டாள். ட்ரிப் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை கூட அவள் குமட்டவில்லை. வாய் திறந்து, நாக்குக் காய்ந்து, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டு தூங்கினாள். தேவகுமாரி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டை ஈரப்படுத்தினாள், வேறெங்கும் போகவில்லை. மத்தியானம் நர்ஸ் சாப்பிடப் போகச் சொன்னபோது, "எனக்குப் பசிக்கல" என்று பொய் சொன்னாள்.

மூன்றரை மணிக்கு முத்தாயி அசைந்தாள். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், கடைசியில் தேவகுமாரியைப் பார்த்தாள். பேச வராமல் ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"எந்திரிச்சுட்டேனுங்க" என்றாள்.

தேவகுமாரி டம்ளரைத் திரும்ப வாங்கி வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அழுகாதீங்க. இன்னும் நாலு தடவை இருக்குது" என்றாள் முத்தாயி. தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.